பெரியப்பா கைபட்ட விமானம்: 24-ல் ஒரு பங்கு அளவில் ஒரு நேட்

பெரியப்பா விமானப்படையில் 15 வருஷம் இருந்தார். 1963-ல் தாம்பரத்தில் தேர்வாகிப் போனவர், 1978-ல் ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டியோடு குடியாத்தத்துக்குத் திரும்பி வந்தார். தெருவில் எல்லாருக்கும் அவர் ‘ஏரோப்ளேன்காரர்’. டீக்கடையில் யாராவது புதிதாக வந்தவர், “சண்டையில எத்தனை விமானத்தைச் சுட்டீங்க?” என்று கேட்டுவிட்டால் அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுத்தான் பதில் சொல்வார்: “நான் சுடல. சுடறவங்களுக்கு ரொப்பிக் கொடுத்தேன்.”

அவருடைய வேலை ஆர்மமென்ட் ஃபிட்டர். விமானத்தின் துப்பாக்கியைக் கழற்றுவது, துடைப்பது, மாட்டுவது, தோட்டா ரொப்புவது. போன வருஷம் தை மாதம் அவர் தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது 1971 போருக்கான சங்கராம் மெடல், சுதந்திரத்தின் 25-ம் ஆண்டு மெடல், அவற்றுக்கு அடியில் ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோ. பின்னால் பேனாவில் ‘கலைகுண்டா, 1970’. அந்தப் போட்டோவில் இருக்கும் விமானத்தைச் செய்ய வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். எட்டு மாதம் ஆனது. எப்படிச் செய்தேன், எங்கே தடுக்கியது என்பதை எழுதி வைக்கிறேன். மரத்தில் விமானம் செய்ய நினைக்கிற யாருக்காவது உதவும்.

போட்டோவில் இருப்பது நேட். ஆங்கிலத்தில் கொசு மாதிரி ஒரு சின்னப் பூச்சிக்கு அந்தப் பெயர். இங்கிலாந்தில் ஃபோலண்ட் கம்பெனியில் பெட்டர் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கியது, பெங்களூரில் ஹெச்.ஏ.எல். உரிமம் வாங்கிக் கட்டியது. போர் விமானங்கள் வருஷத்துக்கு வருஷம் பெருத்துக்கொண்டே போன காலத்தில், சின்னதாக, லேசாக, குறைந்த செலவில் ஒன்றைச் செய்ய முடியும் என்று பெட்டர் பிடிவாதமாக இருந்தார். இறக்கை நுனியிலிருந்து நுனி வரை 6.73 மீட்டர், நீளம் 8.74 மீட்டர், உயரம் 2.46 மீட்டர். நம் ஊர் டவுன் பஸ்ஸை விடக் குட்டை. 1965 போரில் பாகிஸ்தானின் சேபர் போர் விமானங்களை எதிர்த்து நின்றதால் அதற்கு ‘சேபர் கொல்லி’ என்று பட்டப்பெயரே வந்தது.

பெரியப்பா இருந்த கலைகுண்டா மேற்கு வங்கத்தில் கரக்பூர் பக்கத்தில் இருக்கிறது. அங்கே இருந்த 22-ம் ஸ்குவாட்ரன் என்ற விமானப்படைப் பிரிவின் நேட் விமானங்கள் சில 1971-ல் கல்கத்தா டம்டம்மில் நிறுத்தப்பட்டிருந்தன. நவம்பர் 22 மத்தியானம் நான்கு நேட் கிளம்பிப் போய் எல்லையோரத்தில் இருக்கும் போய்ரா பக்கத்தில் சேபர்களை மறித்தன. பைலட்கள் மாஸி, கணபதி, லாசரஸ் மூவருக்கும் வீர் சக்ரா கிடைத்தது. சுடப்பட்டுப் பாராசூட்டில் குதித்துப் பிடிபட்ட பாகிஸ்தான் பைலட்களில் ஒருவர் பர்வேஸ் மெஹ்தி குரேஷி. பிற்பாடு அவர் அந்த நாட்டு விமானப்படைக்கே தளபதி ஆனார். இந்தக் கதையை ஊரில் யாராவது பெரியப்பா தலையில் கட்டினால் அவருக்குப் பிடிக்காது. “நான் டம்டம்ல இல்ல. கலைகுண்டாவுல இருந்தேன்” என்று திருத்துவார். தன் பங்கு எவ்வளவோ அவ்வளவுதான் சொல்ல வேண்டும் என்பதில் கறாராக இருந்தார். அதனால் இந்த விமானத்தைச் செய்யும்போது எனக்கும் ஒரே கட்டுப்பாடு: அவர் கண்ணால் பார்த்தது, கையால் தொட்டது மட்டும்தான் இதில் இருக்க வேண்டும்.

வேலையைத் தொடங்கும் முன்பே இது ஒரு விஷயத்தைத் தீர்த்து வைத்தது. இந்த மாதிரி மாடல்களை ஒரு கம்பி மேல், பறக்கிற மாதிரி, மூக்கைத் தூக்கி நிறுத்துவதுதான் வழக்கம். சக்கரம் செய்யும் வேலையும் மிச்சம். மர வேலை தெரிந்த நண்பர் ஒருவர் அப்படித்தான் செய்யச் சொன்னார். ஆனால் பெரியப்பாவின் விமானம் பறக்கவில்லை. அவர் கைக்கு வரும்போதெல்லாம் அது தரையில், சக்கரத்தில், மூடி திறந்து நின்றது. அப்படியேதான் நிற்க வேண்டும்.

24-ல் ஒரு பங்கு என்று எடுத்துக்கொண்டேன். இறக்கை 28 செ.மீ., நீளம் 36.4 செ.மீ., உயரம் 10 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். இதைவிடச் சின்னதாக எடுத்தால் துப்பாக்கி அறைக்குள் எதையும் காட்ட முடியாது. பழைய விமானப் புத்தகம் ஒன்றிலிருந்து மேல், பக்கம், முன் மூன்று பார்வை வரைபடத்தை எடுத்து, ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கினேன். நீளத்தை அளந்தேன், 364 மி.மீ., சரியாக இருந்தது. அதை நம்பி அட்டையில் ஒட்டி வெட்டியும் விட்டேன். இறக்கையை அளந்தபோதுதான் 277 வந்தது. 280 வந்திருக்க வேண்டும். காகிதம் போகிற திசையில் ஒரு அளவும் குறுக்கே ஒரு அளவுமாக ஜெராக்ஸ் இழுத்துவிடும். மூன்று மி.மீ. என்றால் நிஜ விமானத்தில் ஏழு செ.மீ. அட்டைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, கிராஃப் தாளில் கட்டம் போட்டு நானே வரைந்தேன். வரைபடத்தைப் பெரிதாக்கினால் இரண்டு பக்கமும் அளந்து பார்க்காமல் கத்தியைத் தொடாதீர்கள்.

மரம் குமிழ். பால்சா வாங்கலாம், ஆனால் அது நகம் பட்டாலே குழி விழும். எட்டு மாதம் கையில் புரளப்போகிற பொருளுக்கு ஆகாது. குமிழ் லேசான மரம், உளிக்கு வெண்ணெய் மாதிரி வரும், வெயிலுக்கும் மழைக்கும் அவ்வளவாக முறுக்காது. மரவாடியில் ஒரு கட்டிலுக்கு அறுத்தது போக மிஞ்சிய துண்டைத் தேடி எடுத்தேன். இரண்டு பலகையாக அறுத்து, நடுவே செய்தித்தாள் ஒன்றை வைத்து ஃபெவிகால் போட்டு இறுக்கினேன். தாள் எதற்கென்றால், வெளிப்பக்கம் செதுக்கி முடித்த பிறகு மூட்டில் மெல்லிய உளியை வைத்து ஒரு தட்டு தட்டினால், தாள் கிழிந்து மரம் இரண்டு பாதியாகப் பிரியும். உள்ளே குடைந்துவிட்டு மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். பழைய ஆசாரிகள் பொம்மைக்குச் செய்கிற வேலை இது. இந்த மாடலில் காக்பிட், காற்றுவாய், துப்பாக்கி அறை, புகைபோக்கி என்று உள்ளே குடையும் வேலை நிறைய இருந்ததால் இது இல்லாமல் முடிந்திருக்காது.

பக்கவாட்டு உருவத்தை முதலில் அறுத்து, அப்புறம் மேலிருந்து பார்க்கிற உருவத்தை அறுத்தால் சதுர முனைகளோடு ஒரு மீன் மாதிரி கிடைக்கும். எட்டு இடங்களில் குறுக்கு வெட்டு அட்டைகளை வைத்து வைத்துப் பார்த்து, உளியாலும் அரத்தாலும் உருட்டினேன். மூன்று வாரம், தினமும் ராத்திரி ஒரு மணி நேரம்.

இறக்கைகள் தனி மரத்தில். நேட்டின் இறக்கை தோள் உயரத்தில் உட்கார்ந்து, பின்னால் சாய்ந்து, நுனி லேசாகக் கீழே சரிந்திருக்கும். ரொம்ப மெல்லிய இறக்கை; இந்த அளவில் சராசரியாக ஆறு மி.மீ. தடிமன்தான். ஒட்டினால் மட்டும் நிற்காது என்பதால் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை இரண்டு பக்கமும் ஆணி மாதிரி இறக்கி, அரால்டைட் போட்டேன். இரண்டு நுனியும் ஒரே உயரத்தில் இருக்கத் தெர்மோகோலில் முட்டுக் கொடுத்தேன். அதுதான் தப்பு. தெர்மோகோல் ராத்திரிக்குள் அமுங்கிவிட்டது. காலையில் பார்த்தால் இடது நுனி வலது நுனியை விட நாலு மி.மீ. தாழ்ந்திருந்தது. முன்னால் நின்று பார்த்தால் விமானம் நொண்டியது.

அறுத்தெடுத்தால் மரம் பிய்ந்துவிடும். எலெக்ட்ரீஷியன் நண்பரிடம் ஹாட் ஏர் கன் வாங்கி வந்து, மூட்டில் மட்டும் காற்று படுகிற மாதிரி அலுமினியத் தாளால் சுற்றிலும் மறைத்துவிட்டுச் சூடேற்றினேன். அரால்டைட் சூட்டில் இளகும். இரண்டு நிமிஷத்தில் இறக்கை மெதுவாக அசைந்தது. இந்த முறை மரக்கட்டையில் முட்டுக் கொடுத்து ஆற விட்டேன். மறுநாள் மூட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாகக் கொஞ்சம் பசை ஊற்றிக்கொண்டேன். ஒருமுறை இளகிய பசையை முழுதாக நம்ப எனக்கு மனம் வரவில்லை.

இனி துப்பாக்கி அறை. எட்டு மாதத்தில் மூன்று மாதம் இதற்கே போனது.

நேட்டில் இரண்டு துப்பாக்கி. காக்பிட்டுக்கு இரண்டு பக்கமும் காற்று உள்ளே போகிற வாய் இருக்கிறதே, அதன் வெளிப்பக்க உதட்டில் பக்கத்துக்கு ஒன்று. 30 மி.மீ. ஏடன் வகை. ஏடன் என்பது துறைமுகத்தின் பெயர் இல்லை. இங்கிலாந்தில் என்ஃபீல்டில் இருந்த ஆயுத மேம்பாட்டு நிலையத்தின் ஆங்கிலப் பெயரில் முதல் எழுத்துகள். ரிவால்வர் மாதிரி ஐந்து அறை கொண்ட உருளை சுற்றும். உருளை சுற்றச் சுற்ற ஒவ்வொரு அறையும் முறை வைத்து ரொப்பி, சுட்டு, காலியாகும். ஒரு துப்பாக்கி சுமார் 1.6 மீட்டர் நீளம், 80 கிலோவுக்கு மேல் எடை. ஒரு துப்பாக்கிக்கு 115 தோட்டா. நிமிஷத்துக்கு 1,200 என்ற வேகத்தில் விட்டால் ஆறு விநாடி கூட வராது. அந்த ஆறு விநாடிக்காகத்தான் பெரியப்பாவின் ஒவ்வொரு நாளும்.

1965-ல் நேட் விமானங்களில் துப்பாக்கி நடுவில் நின்றுபோவது பெரிய தலைவலியாக இருந்தது. அப்புறம் அதைச் சரிசெய்ய நிறையப் பாடுபட்டார்கள். ஆனாலும் போய்ராவில் மாஸி விரட்டிச் சுட்டபோது அவருடைய ஒரு துப்பாக்கி பாதியில் நின்றுவிட்டது. இதைப் பெரியப்பாதான் சொன்னார், அதுவும் ஒரே ஒரு முறை. சொல்லிவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அது அவர் கை பட்ட விமானமா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், “டம்டம்ல நான் இல்ல” என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் துப்பாக்கி நின்றுபோவது என்றால் ஒரு ஆர்மமென்ட் ஃபிட்டருக்கு என்ன என்று அன்றைக்கு அவர் முகத்தில் பார்த்தேன்.

அவருடைய வலது கையில் விரல் முட்டிகள் மேல் வரிசையாக வெள்ளைத் தழும்புகள் இருக்கும். பெரியம்மா சொல்வார், “கல்யாணமாகி வந்த புதுசுல, சமையக்கட்டுல வெட்டிக்கிறது நானு, ரத்தத்தோட வர்றது அவருன்னு இருந்துச்சு.” விமானம் சின்னது. நின்ற இடத்திலேயே எல்லாம் கைக்கு எட்டும், ஏணி வைத்து ஏற வேண்டியதில்லை என்பது வசதி. ஆனால் உள்ளே கை நுழைய இடம் இல்லை. தகரத்தின் ஓரமும் ஆணித் தலையும் சதையைச் சீவும். துப்பாக்கி அறையை உள்ளே குடையும்போது எனக்கு அது புரிந்தது: 70 மி.மீ. நீளம், 14 மி.மீ. அகலத்தில் ஒரு பள்ளம். என் விரல் போகவில்லை. பல் டாக்டர் வைத்திருக்கிற மாதிரி வளைந்த ஊசிகளைச் சைக்கிள் ஸ்போக்ஸில் தட்டிச் செய்து, அதால் சுரண்டித்தான் குடைந்தேன்.

துப்பாக்கியின் குழலுக்கு என்ன போடுவது? 30 மி.மீ.யை 24-ஆல் வகுத்தால் 1.25. அந்த அளவுக்கு உள்விட்டம் உள்ள உலோகக் குழாய் வேண்டும். ஊசிமருந்துக் குழல்களின் அளவுப் பட்டியலைப் பார்த்தபோது 16 கேஜ் ஊசிக்கு உள்விட்டம் 1.2 மி.மீ. என்று இருந்தது. மனிதர்களுக்கு அவ்வளவு தடித்த ஊசியை அதிகம் போட மாட்டார்கள். மாட்டு மருந்துக் கடையில் கிடைத்தது. முனையை அறுத்து, அரத்தில் தேய்த்துச் சமமாக்கினேன். ஐந்து அறை உருளைக்கும் அதே ஊசியில் ஐந்து துண்டு வெட்டி, நடுவில் ஒரு குண்டூசி வைத்து, சுற்றிலும் நிறுத்தி நூலால் கட்டி, ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட்டேன். முனைப் பக்கமாகப் பிடித்துப் பார்த்தால் ஐந்து ஓட்டையும் வட்டமாகத் தெரியும். உள்ளே வைத்த பிறகு அதில் இரண்டு மட்டும்தான் வெளியில் தெரிகிறது. மற்ற மூன்றும் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அது போதும்.

கேனபி, அதாவது பைலட் தலைக்கு மேல் இருக்கும் கண்ணாடி, தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வேலை. இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலுக்குள் அச்சை வைத்து வெளியே சூடு காட்டினால், பிளாஸ்டிக் சுருங்கி அச்சின் மேல் படிந்துகொள்ளும். முதலில் குமிழ் மரத்திலேயே அச்சு செய்தேன். கேனபியில் மரத்தின் ரேகை அப்படியே பதிந்து வந்தது. அடுத்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்து, 1000 நம்பர் உப்புத்தாள் வரை தேய்த்து வழவழப்பாக்கினேன். அவசரப்பட்டு அன்றைக்கே சூடு காட்டினேன். உள்ளே இருந்த ஈரம் ஆவியாகி பிளாஸ்டிக்கில் பனி மாதிரி புள்ளி விழுந்தது. அச்சை இரண்டு நாள் மொட்டை மாடி வெயிலில் காயவைத்த பிறகு எடுத்த மூன்றாவது கேனபிதான் இப்போது இருப்பது.

சக்கரங்கள் கோட்டுப் பொத்தான்கள், இரண்டிரண்டாக ஒட்டி விளிம்பைத் தேய்த்தது. நேட்டின் கால்கள் மூன்றுமே வயிற்றிலிருந்துதான் இறங்கும். பறக்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும் என்றால் இதே சக்கரங்களையும் மூடிகளையும் பாதி இறக்கி, அதையே பிரேக்காகப் பயன்படுத்துவார்கள். தனியாக ஒரு பிரேக் வைத்து எடையைக் கூட்ட பெட்டருக்கு மனமில்லை.

உலோகப் பளபளப்புக்கு வருகிறேன். 1970-ல் அந்த விமானம் வண்ணம் பூசாத அலுமினியம். மரத்தை அலுமினியமாக்க வேண்டும். சீலர் இரண்டு கை, என்.சி. பட்டி, சாம்பல் நிற பிரைமர், தண்ணீர் தொட்டு 400, 800, 1500 என்று உப்புத்தாள். அதன் மேல் சில்வர் ஸ்ப்ரே அடித்தேன். வீட்டு கேட்டுக்கு அடித்த மாதிரி இருந்தது. ஒரே நிறம், ஒரே மினுமினுப்பு. போட்டோவில் அப்படி இல்லை. ஒவ்வொரு தகடும் ஒவ்வொரு விதமாக ஒளியைத் திருப்புகிறது. ஒன்று வெள்ளை, பக்கத்தில் ஒன்று சாம்பல், புகைபோக்கிப் பக்கம் கருத்து.

ஸ்ப்ரேயை முழுக்கத் தேய்த்து எடுத்துவிட்டு, சமையல் கட்டில் சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளை எடுத்தேன். உறையில் 11 மைக்ரான் என்று போட்டிருக்கும் வகை. தாளின் மங்கலான பக்கத்தில் வார்னிஷை டர்பன்டைன் கலந்து தண்ணீராகத் தடவி, இருபது நிமிஷம் விட்டால் பிசுபிசுப்பு வரும். அப்போது எடுத்து மரத்தின் மேல் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குப் பஞ்சுக் குச்சியால் தேய்க்க வேண்டும். தகடு தகடாக ஒட்டி, ஓரத்தைப் புது பிளேடால் வெட்ட வேண்டும். அடியில் ஒரு தூசி இருந்தாலும் கொப்புளம் மாதிரி எழும்பி நிற்கும். ஈரத் துணியால் துடைத்துவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு வேலை செய்தேன். தாளுக்கு ஒரு ஓட்டம் உண்டு. நெசவுத் துணி மாதிரி ஒரு திசையில் மெல்லிய கோடு ஓடும். ஒரு தகட்டுக்கு நீளவாக்கில், பக்கத்துத் தகட்டுக்குக் குறுக்கே என்று மாற்றி மாற்றி ஒட்டினால் வெளிச்சம் படும்போது இரண்டும் வேறு நிறமாகத் தெரிகிறது. மூன்றாவது தகட்டை ஒட்டிவிட்டு டியூப் லைட்டுக்குக் கீழே திருப்பிப் பார்த்தபோது போட்டோவில் இருந்த அதே வெளிச்சம் வந்தது. அன்று ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தேன்.

மூக்கு மட்டும் படுத்தியது. உருண்டையான இடத்தில் தாள் சுருங்கும். ஆரஞ்சுச் சுளை மாதிரி பன்னிரண்டு பட்டைகளாக வெட்டி ஒட்டினேன். மொத்தம் 90-க்கு மேல் துண்டுகள். துப்பாக்கி முனைக்குப் பின்னால் பென்சில் கரியைத் தூளாக்கி விரலால் லேசாகத் தேய்த்து, சுட்ட புகை படிந்த மாதிரி கொடுத்தேன்.

விமானப்படையின் வட்டச் சின்னம் வெளியே காவி, நடுவில் வெள்ளை, உள்ளே பச்சை. ஸ்டிக்கர் போடாமல் காம்பஸில் பிளேடு கட்டி ஸ்டென்சில் வெட்டிப் பூசினேன். வெள்ளையை முதலில் முழு வட்டமாக அடித்துவிட்டு மற்ற இரண்டையும் அதன் மேல் அடித்தால் காவி பளிச்சென்று நிற்கும்.

எண் எழுதும் இடத்தில்தான் கை நின்றது. போட்டோவில் நான்கு பேர் விமானத்தின் பின் உடலில் சாய்ந்து நிற்கிறார்கள். எண்ணில் ‘10’ மட்டும் தெரிகிறது. அடுத்த இரண்டு இலக்கங்களைப் பெரியப்பாவின் தோள் மறைக்கிறது. அந்த வரிசையில் வந்த ஏதாவது ஒரு எண்ணைப் போடலாம், யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அது வேறு ஒரு விமானத்தின் எண்ணாக இருக்கும். ‘10’ மட்டும் எழுதினேன். கம்பியில் எம்-சீல் வைத்து ஏழு செ.மீ. உயரத்தில் ஒரு ஆளைச் செய்து, காக்கி அரைக்கால் சட்டை போட்டு, அந்த இடத்தில் சாய்த்து நிறுத்தினேன். அவர் தோளுக்குப் பின்னால் வெறும் அலுமினியம்தான் இருக்கிறது.

கடைசியாகத் தோட்டாக்கள். விமானத்துக்குப் பக்கத்தில் தரையில் ஒரு கேன்வாஸ் விரித்து, அதன் மேல் ஒரு துப்பாக்கிக்கான தோட்டாச் சரத்தை வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பெரியப்பா அடிக்கடி சொல்லும் ஒரு விஷயம் காரணம். 1965 செப்டம்பர் 7 காலையில் பாகிஸ்தானின் சேபர்கள் கலைகுண்டா மேல் வந்து, திறந்தவெளியில் நின்ற நம் கான்பெரா, வேம்பயர் விமானங்களை எரித்துவிட்டுப் போயின. அவர் அங்கே போனது அதற்குப் பிறகு, ஆனால் போன அன்றைக்கே மூத்தவர்கள் சொல்லிக் கொடுத்த பாடம் அது: தரையில் நிற்கிற விமானம் வெறும் தகரம், அதை எவ்வளவு சீக்கிரம் ரொப்பி மேலே அனுப்புகிறோமோ அவ்வளவு நல்லது.

18 கேஜ் செம்புக் கம்பி கிட்டத்தட்ட 1.2 மி.மீ. வரும். எட்டு மி.மீ. துண்டுகளாக வெட்டி, ஒரு முனையைச் சின்ன டிரில்லில் மாட்டிச் சுற்றவிட்டு அரத்தில் கூராக்கினேன். 115 துண்டு, மூன்று ஞாயிற்றுக்கிழமை. ஆனால் அதைச் சரமாகக் கோக்க எனக்கு வரவில்லை. பசையில் ஒட்டினால் கட்டை மாதிரி விறைத்து நிற்கிறது. நிஜச் சரம் துணி மாதிரி மடியும், வளையும்.

பெரியம்மா ஹாலில் உட்கார்ந்து சாமி படத்துக்கு முல்லை கட்டிக்கொண்டிருந்தார். நான் படும் பாட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இங்க குடுடா” என்று தாம்பாளத்தை நீட்டினார். கேட்ராக்ட் ஆபரேஷன் பண்ணின கண். சாம்பல் நிறப் பட்டு நூலை இடது கைக் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு, ஒரு செம்புத் துண்டை வைத்து, ஒரு சுற்று, ஒரு முடிச்சு, அடுத்தது. பூ கட்டுகிற அதே கை. இரண்டு துண்டுக்கு நடுவில் மயிரிழை இடைவெளி, எங்கேயும் கூடவில்லை, குறையவில்லை. கட்டி முடித்துத் தூக்கிப் பிடித்தபோது சரம் சரியாக வளைந்து தொங்கியது. எட்டு மாதத்தில் நான் செய்த எதுவும் அவ்வளவு நிஜமாக வரவில்லை.

அவரே எண்ணினார், இரண்டிரண்டாக. “நூத்திப் பதினஞ்சு.” கேன்வாஸ் மேல் மடித்து வைத்தோம். விமானத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். இடது பக்கம் திறந்த மூடி, உள்ளே துப்பாக்கி, கீழே சரம். அப்புறம் வலது பக்கம் திருப்பினார்.

“இந்தப் பக்கமும் ஒண்ணு இருக்குதே.”

“ஆமா பெரியம்மா. ரெண்டு துப்பாக்கி.”

“அதுக்கு எங்க? அவரு ஒரு பக்கம் மட்டும் ரொப்பிட்டு வர்ற ஆளு இல்லையே.”

இன்னும் ஒரு மீட்டர் செம்புக் கம்பி வாங்கி வந்திருக்கிறேன். நேற்று வரை 40 துண்டு வெட்டியாகிவிட்டது.